பெரியம்மாவுக்குக் கிடையாது

டன்டீ
20 செப்டம்பர் 1998

அன்புள்ள இஷ்பெல் அக்காவுக்கு,

நானும் என் வாண்டு ஃபின்லேயும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அதை வைத்துக்கொண்டு தீவன மூட்டை தூக்காதே. பக்கத்து வீட்டு மூர்டோ சித்தப்பாவைக் கூப்பிடு, அந்த மனிதர் வேறு எதற்கு இருக்கிறார்?

கல்லூரி தொடங்கிவிட்டது. நில அளவை வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். முதல் நாளே ஒருவன் என்னிடம் வந்து, "அக்கா, டீ எத்தனை மணிக்குக் கிடைக்கும்?" என்று கேட்டான். கேண்டீன்காரி என்று நினைத்துவிட்டான். அடுத்த வாரம் முக்காலியில் கருவியை நிறுத்தி மட்டம் பார்க்கச் சொன்னபோது நான்தான் முதலில் முடித்தேன். அவன் இப்போது என் நோட்டைக் கடன் கேட்கிறான். இரண்டே வருஷம், அக்கா. அதற்குப் பிறகு சாலை போடும் கம்பெனி எதிலும் எனக்கு வேலை கிடைக்கும்.

ஃபின்லேயைப் பகலில் கில்ஃபில்லன் என்கிற அம்மா பார்த்துக்கொள்கிறார். தன் வீட்டிலேயே நாலு பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறவர், நகராட்சியில் பதிவு செய்தவர். நல்லவர்தான், ஆனால் என் படிப்புப் பணத்தில் பாதிக்கு மேல் அவருக்கே போய்விடுகிறது. சனிக்கிழமை நான் சிப்ஸ் கடையில் வேலை செய்கிறேன். அன்றைக்கு மட்டும் கீழ்வீட்டு டொரீன் அவனைச் சும்மா பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய தங்கை ட்ரினாவும் எங்கள் கல்லூரிதான், அவளுக்கும் ஜேட் என்று இரண்டு வயதுப் பெண் இருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை வைத்திருக்கிற மாணவர்களுக்கென்று கல்லூரியில் ஒரு நிதி இருக்கிறது. பிள்ளை பார்க்கும் செலவை அவர்களே கட்டிவிடுவார்கள். பணம் குறைவு, கேட்பவர்கள் நிறைய. குடும்பத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்குத்தான் முதலிடமாம். அங்கே திருமதி பெத்ரி என்று ஒருவர் இருக்கிறார்.

"சொந்தத்துல யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"அக்கா இருக்காங்க. லூயிஸ் தீவுல."

"கப்பல் ஏறிப் போகணும். அப்ப இல்லேன்னுதானே அர்த்தம்? அதை அவங்க கைப்பட எழுதித் தரச் சொல்லுங்க, போதும்."

மூன்றே வரி எழுது அக்கா. தூரத்தில் இருக்கிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது என்று. தபால் நிலையத்தில் ஆங்கஸிடம் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்பு. இது கிடைத்தால்தான் நான் இந்த வருஷத்தைத் தாண்ட முடியும்.

முத்தங்களுடன், உன்
ரோனா


லூயிஸ் தீவு
6 அக்டோபர் 1998

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இருவரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. என் முதுகு அப்படியே இருக்கிறது. மூட்டை தானாக நடந்து வராது, மூர்டோவும் வரமாட்டார்.

உன் கடிதத்தில் முதலில் தேதியைத்தான் பார்த்தேன். செப்டம்பர் இருபது ஞாயிற்றுக்கிழமை. அம்மா இருந்திருந்தால், ஓய்வுநாளில் எழுதியது என்று அதைப் பிரிக்கவே விட்டிருக்கமாட்டாள். நகரத்தில் ஞாயிறுக்கும் திங்களுக்கும் வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது, சரி விடு.

நீ கேட்டதை எழுதிவிட்டேன். நீ சொன்ன மாதிரி அல்ல, அதைவிட நன்றாகவே எழுதியிருக்கிறேன். முதலில் நீ சொன்ன மூன்று வரியைத்தான் எழுதி ஆங்கஸிடம் நீட்டினேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தபால் நிலையக் கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன இஷ்பெல், சொந்தத் தங்கச்சி புள்ளையைப் பாத்துக்க முடியாதுன்னா எழுதிருக்கே?" என்றான். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாளைக்குக் கோயிலில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? அங்கேயே கிழித்துப் போட்டேன். வேறு தாள் வாங்கி, 'எங்கள் வீட்டுக் கதவு அவனுக்கு எப்போதும் திறந்தே இருக்கும். நிலம் இருக்கிறது, ஆடு இருக்கிறது, பெரியம்மா இருக்கிறேன். இந்தக் குடும்பத்தில் பிள்ளையைக் கைவிடுகிறவர்கள் யாரும் இல்லை' என்று எழுதினேன். நல்ல குடும்பத்துப் பெண் என்று தெரிந்தால் அவர்கள் உனக்கு இன்னும் மேலாகத்தானே செய்வார்கள்? திருமதி பெத்ரிக்கு நேராகவே தபாலில் போட்டுவிட்டேன்.

இங்கே காற்று ஆரம்பித்துவிட்டது. சின்ன அறைக்கு நீல நிறம் அடித்தேன், எப்படியும் அடிக்க வேண்டியதுதான். கூட்டுறவுக் கடையில் சின்ன அளவு ரப்பர் பூட்ஸ் மலிவாகப் போட்டிருந்தார்கள், சிவப்பு. ஒரு ஜோடி வாங்கி வைத்தேன். யாருக்காவது ஆகும்.

ஃபின்லேக்கு இருமல் வந்தால் நெஞ்சில் துணி சுற்று. உடனே பதில் போடு.

பாசத்துடன்,
இஷ்பெல்


டன்டீ
17 நவம்பர் 1998

அக்காவுக்கு,

உன் மூன்று தபாலட்டைகளும் வந்தன. நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன்.

எழுதினால் என்ன எழுதிவிடுவேனோ என்று பயந்துதான் இத்தனை நாள் எழுதவில்லை. இன்றைக்கும் பயம்தான், ஆனாலும் எழுதுகிறேன். நிதி எனக்குக் கிடைக்கவில்லை. திருமதி பெத்ரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து உன் கடிதத்தை என் கையில் கொடுத்தார். "ரொம்ப அழகா எழுதிருக்காங்க உங்க அக்கா. படிச்சிட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா இதைப் படிச்ச கமிட்டி என்ன சொல்லும்? வீட்டையே தொறந்து வெச்சிருக்கற சொந்தம் இருக்கு, யாருமே இல்லாத பொண்ணுக்குக் குடுப்போம்னுதானே சொல்லும்?" என்றார். உன் எழுத்து. உன் கையெழுத்து. கீழே ஆங்கஸின் சாட்சி.

உன் கதவு திறந்திருக்கிறது, சந்தோஷம். அந்தக் கதவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. நீ ஊர் முகத்தைப் பார்த்தாயே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று வரிதானே கேட்டேன்? ஒரு பொய் கூட இல்லையே அதில்?

இப்போது சிப்ஸ் கடையில் வெள்ளிக்கிழமையும் போகிறேன். காலையில் வகுப்பில் கண் சொருகுகிறது. போன வாரம் அளவுகளைத் தப்பாகக் கூட்டி ஒரு குன்றையே பள்ளமாக்கிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். கில்ஃபில்லன் அம்மா நல்லவர், ஆனால் அவருக்கும் வயிறு இருக்கிறது. கிறிஸ்துமஸ் வரை பார்ப்பேன், அதற்குமேல் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தாளில் கட்டம் போட்டிருக்கிறதே என்று கேட்காதே. வகுப்பில் கொடுத்தது. கையில் இதுதான் இருக்கிறது.

ரோனா


லூயிஸ் தீவு
24 நவம்பர் 1998

அன்புள்ள ரோனா,

உடம்பைப் பார்த்துக்கொள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படிக்காமல் கிழித்தாலும் கிழிப்பாய்.

நான் எழுதியதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்னும் தோன்றவில்லை. குடும்பம் இருக்கிறது என்று சொன்னால் மரியாதை குறையும் ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே ஆள் இல்லாதவளைத்தான் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். உன்னை யாரும் அப்படிப் பார்க்கக்கூடாது என்றுதான் எழுதினேன். அது உன் தலையிலேயே வந்து விழுந்துவிட்டது. அதற்கு வருத்தப்படுகிறேன், நிஜமாகவே வருத்தப்படுகிறேன்.

ஆனால் ஒன்று. எழுதியது எழுதியதுதான், அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவனை என்னிடம் அனுப்பு. நீ படிப்பை முடிக்கிறவரை இங்கே இருக்கட்டும். சிப்ஸ் கடையும் வேண்டாம், கில்ஃபில்லனும் வேண்டாம். எனக்கு ஒன்றும் பாரமில்லை. நான் எப்படியும் சமைக்கிறேன், ஒரு தட்டு கூட வைத்தால் போயிற்று. நாய்க்கும் விளையாட ஆள் வேண்டும், அது கிழடாகிக்கொண்டு வருகிறது.

உனக்கு உதவியாக இருக்குமே என்றுதான் சொல்கிறேன், வேறு ஒன்றுமில்லை. யோசித்து எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே. அதில் நீ பேசினால் நான் 'உம்' கொட்டத்தான் முடிகிறது.

மறக்காமல் நினைக்கும்,
இஷ்பெல்


டன்டீ
14 டிசம்பர் 1998

அன்புள்ள அக்கா,

மூவரும், உன் நாயையும் சேர்த்து நால்வரும், சுகமாக இருக்க வேண்டும். அங்கே பனி விழுந்துவிட்டதா?

கோபம் தீரவில்லை, ஆனால் கோபத்தை வைத்து வாடகை கட்ட முடியாது. நீ சொன்னபடியே செய்வோம். ஜனவரி ஒன்பது, சனிக்கிழமை. நான் அவனோடு இன்வர்னெஸ் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து அல்லபூல் துறைமுகம் வருகிறேன். நீ காலைக் கப்பலில் இக்கரைக்கு வந்துவிடு. அவனை உன் கையில் கொடுத்துவிட்டு நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன், திங்கட்கிழமை பரீட்சை. நீங்கள் இருவரும் மாலைக் கப்பலைப் பிடித்துவிட வேண்டும். அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமை நம் ஊருக்குக் கப்பல் கிடையாது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

அவனிடம் கப்பல் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் பெட்டியை இழுத்து இழுத்து ஏறி உட்கார்ந்து ஊதுகிறான். தூங்கும்போது என் காதைப் பிடித்துக்கொள்வான், இரண்டு நாளைக்கு உன் காது சிவந்துவிடும். கேரட்டைத் துப்புவான். இருட்டுக்குப் பயமில்லை, ஆனால் கதவை மூடினால் அழுவான்.

டொரீனுக்குச் சொன்னேன். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "நான் வேலை செஞ்ச கடிகார ஆலைய மூடினப்ப கூட நான் அழல. இப்ப என்னமோ பண்ணுதுடி" என்றாள். நான் சிரித்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அன்புடன்,
ரோனா


இன்வர்னெஸ் பஸ் நிலையம்
9 ஜனவரி 1999

அக்கா,

இந்த நேரம் நீ துறைமுகத்தில் நின்றுகொண்டிருப்பாய். தலையில் துணி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு. தெரிந்தும் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அல்லபூல் பஸ்ஸில் ஏறிவிட்டோம். ஜன்னலோரம் அவனை உட்காரவைத்து, பெட்டியை மேலே போட்டாயிற்று. அப்போது அவன், "அம்மா, நீயும் கப்பல்ல வருவேல்ல?" என்று கேட்டான். "வருவேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை மூடவில்லை, அவன் நிம்மதியாக என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். அவனுடைய அப்பா எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன அன்று, திரும்பி வருகிறேன் என்று இதே மாதிரிதான் சொன்னான். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். டிரைவர், "ஏம்மா, ஏறணுமா எறங்கணுமா, ஒண்ணு சொல்லு" என்று கத்தினார்.

உன்னிடம் சொல்ல வழியில்லை. துறைமுக அலுவலகத்துக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. காத்திருக்காதே, மாலைக் கப்பலில் ஏறிப் போய்விடு. என்னை மன்னிக்க வேண்டாம், திட்டு. படிப்பை விட்டுவிடுகிறேன். வேறு வழி தெரியவில்லை.

சுகமாக ஊர் போய்ச் சேர்.

ரோனா


அல்லபூல்
10 ஜனவரி 1999, ஞாயிற்றுக்கிழமை

ரோனா,

ஆமாம், ஞாயிற்றுக்கிழமைதான். என் பிறவியில் ஞாயிற்றுக்கிழமை எழுதும் முதல் கடிதம் இது. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்க்கட்டும். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உனக்கு என்ன ஆயிற்று? அவனுக்கு என்ன? பஸ் கவிழ்ந்துவிட்டதா, காய்ச்சலா, யாரைக் கேட்பது? நேற்று வந்த எல்லா பஸ்ஸையும் பார்த்தேன். மாலைக் கப்பலின் சங்கு இரண்டு தடவை ஊதியது. ஏறும் பலகையை எடுக்கப்போகிறவன், "வரீங்களா இல்லையா, பெரியம்மா?" என்று கேட்டான். இன்னொரு பஸ்ஸின் விளக்கு மலையில் தெரிந்த மாதிரி இருந்தது. போ என்று சொல்லிவிட்டேன். அது மீன் லாரி.

தங்கும் விடுதிக்காரி நல்ல பெண். "டிவி போடட்டுமா?" என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். ஒரே அறை. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கீழே இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ. வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்தச் சிவப்பு பூட்ஸை வாசலில் என் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன், அவன் உள்ளே நுழைந்ததும் பார்க்கட்டும் என்று. அதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நாளைக் காலை கப்பலும் இருக்கிறது, இன்வர்னெஸ் பஸ்ஸும் இருக்கிறது. நான் பஸ்ஸில் ஏறப் போகிறேன். ஆடுகளை மூர்டோ பார்த்துக்கொள்வார், பார்த்துக்கொள்ளாவிட்டால் அவருக்கு இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. உன் கதவுக்கு அடியில் தள்ளுவேன். நீ கதவைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடு, அப்போது நான் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

நீங்கள் இருவரும் சுகமாக இருந்தால் போதும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

இஷ்பெல்


டன்டீ
22 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்கா,

குட்டி போடும் காலம் எப்படிப் போகிறது? எத்தனை ஆடு ஈன்றது, எத்தனை இரட்டை? இரவில் விழித்து விழித்து முதுகை இன்னும் கெடுத்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் சுகம். நீ போன நாளிலிருந்து ஃபின்லே சாயங்காலமானால் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறான். "பெரியம்மா ஆட்டுக்குட்டி எடுக்கப் போயிருக்காங்க, எனக்கு ஒண்ணு கொண்டு வருவாங்க" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். பெருநகரத்து மூன்றாவது மாடியில் அதை எங்கே கட்டுவது என்று டொரீன் கேட்கிறாள்.

ஜனவரியில் நீ இங்கே வந்து இருந்த அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. பரீட்சை எல்லாம் தேறிவிட்டேன். ஆனால் நீ சும்மா வந்து எத்தனை நாள் இருக்க முடியும்? மூர்டோ சித்தப்பா உன் ஆட்டை விற்று அனுப்பிய காசு தீர்ந்ததும் நீ சொல்லாமல் ரொட்டியைக் குறைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

அதனால் திருமதி பெத்ரியிடம் போனேன். அடுத்த வருஷத்துக்கு நிதி கூடியிருக்கிறதாம், என் பெயரை முதலிலேயே போட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப என் அக்காவே பாத்துக்கட்டும், அவளுக்கே குடுத்துருங்க" என்றேன்.

"உங்க அக்கா நகராட்சியில பதிஞ்சுக்கலாம், ஊர்ப் பிள்ளைங்க யாரை வேணாலும் பாத்துக் காசு வாங்கலாம். உங்க பிள்ளைக்கு மட்டும் முடியாது. சொந்தக்காரங்களுக்குக் கிடையாது."

"எங்க ஊர்ல சொந்தக்காரங்க கையிலதாங்க பிள்ளையவே குடுப்போம்."

"குடுங்க. யாரு வேணாம்னா? காசு குடுக்க மாட்டோம், அவ்வளவுதான்" என்றார். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

கீழ்வீட்டிலும் இதே கதைதான். ட்ரினாவுக்கும் நிதி உண்டு, ஆனால் ஜேடைப் பார்ப்பது பெரியம்மா டொரீன் என்பதால் அந்தக் காசு கிடையாது. "பெத்தவளுக்கு அக்காவா இருந்தது என் தப்பா?" என்று டொரீன் கேட்கிறாள். துப்புரவு வேலைக்குப் போகப் போகிறாளாம். அவள் போனால் சனிக்கிழமையும் போச்சு. அடுத்த செப்டம்பரில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவனைத் திரும்பவும் கேட்காதே அக்கா, தயவுசெய்து. இந்தத் தடவை கேட்டால் கொடுத்துவிடுவேன்.

ரோனா


லூயிஸ் தீவு
5 மே 1999

என் அன்பு ரோனாவுக்கு,

இருபத்தாறு குட்டிகள், ஐந்து இரட்டை, ஒன்று போய்விட்டது. முதுகு இருக்கிறது. உங்கள் இருவரின் நலத்துக்கும், கீழ்வீட்டாரின் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று மூர்டோவின் சதுப்பில் எரிமண் வெட்டப் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், யாரும் தங்கள் சதுப்பில் தனியாக வெட்டுவதில்லை. நேற்று நாங்கள் எல்லாரும் அவருக்கு, வியாழக்கிழமை அவர்கள் எல்லாரும் எனக்கு. வேலை ஒன்றுதான். என் அடுப்புக்கு மூர்டோ வெட்டுகிறார், அவர் அடுப்புக்கு நான் வெட்டுகிறேன். யாரும் யாருக்கும் கடன் இல்லை. ஈரக் கட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்படியே நின்றுவிட்டேன். மூர்டோ, "என்னடி, முதுகு புடிச்சுக்கிச்சா?" என்றார். "இல்ல, மூளை புடிச்சுக்கிச்சு" என்றேன்.

டொரீன் ஃபின்லேக்குச் சொந்தமா? இல்லை. நான் ஜேடுக்குச் சொந்தமா? இல்லை. அவளும் பதியட்டும், நானும் பதிகிறேன். ஃபின்லேயை அவள் பார்க்கட்டும், ஜேடை நான் பார்க்கிறேன். அவளுக்கு உன் நிதி, எனக்கு ட்ரினாவின் நிதி. ஒளித்து மறைத்துச் செய்ய வேண்டாம். நீ போய் திருமதி பெத்ரியிடம் இதை அப்படியே சொல். முடியாது என்றால் முடியாது. நான் கடிதம் எழுதித் தரமாட்டேன், என் கடிதத்தின் ராசி உனக்குத் தெரியும்.

சரி என்றால் ஆகஸ்டில் வருகிறேன். ஆடுகளை மூர்டோ பாதிக்குப் பாதி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நாயையும் எடுத்துக்கொள்வார்.

அவனைக் கேட்கவில்லை. நீ சொன்னது போலவே, கேட்கவில்லை.

அன்புடன்,
இஷ்பெல்


டன்டீ
7 அக்டோபர் 1999

அன்புள்ள ரோனா,

கடற்கரைச் சாலைக்கு அளவெடுக்க உன் கல்லூரி உன்னை நம் தீவுக்கே அனுப்பும் என்று யார் நினைத்தது? நீ என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து படிக்க, நான் உன்னுடையதில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுகம்தானே? அடுப்புக் குழாய் காற்றில் புகையும், கீழே இருக்கும் தகட்டைத் தள்ளு. ஃபின்லே நன்றாகச் சாப்பிடுகிறான். கேரட்டைத் துப்புவதில்லை, டொரீன் அதைச் சாக்லேட் என்று சொல்லி ஊட்டுகிறாள். அந்தப் பெண்ணுக்கு வெட்கமே இல்லை.

வேலை நன்றாகப் போகிறது. சோதிக்க வந்த நகராட்சிப் பெண் கணப்பு அடுப்பின் தடுப்புக் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், படிக்கட்டுத் தடுப்பை ஆட்டிப் பார்த்தாள், நல்லவேளை என்னை ஆட்டிப் பார்க்கவில்லை. திருமதி பெத்ரி இன்னமும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். "விதியை மூணு தடவை படிச்சேன். எங்கயும் கூடாதுன்னு இல்ல" என்கிறார்.

ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் எனக்குப் பிடிக்கவே இல்லை. கடலைத் தாண்டி வந்தது அவனுக்காக. காலையில் அவன் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் டொரீனிடம் விட்டுவிட்டு, அவள் வீட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். கீழே அவன் சிரிப்பது தரை வழியாகக் கேட்கும். இந்த ஜேட் என்னைப் பார்த்து அலறும். நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். டொரீன் படிக்கட்டில் நின்று, "வேணும்னா உன் பையனையும் மேல அனுப்பறேன், யாரு பாக்கப் போறா?" என்றாள். "நான் பாப்பேன்" என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் இரண்டு பேரையும் பூங்காவுக்குச் சேர்த்துத்தான் கூட்டிப் போகிறோம், அங்கே யார் யாரைப் பிடித்து ஊஞ்சல் ஆட்டினார்கள் என்று எந்த நகராட்சியும் கேட்காது.

இப்போது அவன் ஒரு வித்தை கற்றிருக்கிறான். நாற்காலியில் ஏறி டொரீனின் துடைப்பக் கம்பால் கூரையை இடிக்கிறான். அது என் தரை. நான் காலால் பதிலுக்குத் தட்ட வேண்டும், தட்டாவிட்டால் நிறுத்தமாட்டான். ஜேடும் கூடவே குதிக்கிறாள். நேற்று என் மடியில் தூங்கிப்போனாள். கனமான பிள்ளை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்,
இஷ்பெல்


லூயிஸ் தீவு
19 அக்டோபர் 1999

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். தகட்டைத் தள்ளினேன், புகை நின்றுவிட்டது. உன் முதுகுக்கு அந்த மாடிப்படி ஆகாது, ஜேடை நடக்கவிடு.

காற்றில் முக்காலி நிற்கமாட்டேன் என்கிறது. கூட வேலை செய்பவன் கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறான், நான் கயிற்றை எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கஸ் தபால் நிலையத்தில் எல்லார் முன்னாலும், "நம்ம ரோனா ரோடு போடறா" என்று கத்துகிறான். அவனை அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

வந்த முதல் நாள் சின்ன அறைக் கதவைத் திறந்தேன். நீல நிறம் அடித்தேன் என்று எழுதியிருந்தாய். கட்டில் வாங்கியதை எழுதவில்லை. கட்டிலுக்கு மேலே நீயே வரைந்த கப்பலை எழுதவில்லை, புகைபோக்கி கோணலாக இருக்கிறது. கதவு மூடாமல் இருக்க அடியில் மரத்துண்டு ஒன்றை அறைந்திருக்கிறாய், அவன் மூடினால் அழுவான் என்று நான் எழுதினேனே, அதற்கு. ஆனால் நிறம் அதற்கும் முன்னால் அடித்தது. நிதி கிடைக்காது என்று நம் யாருக்குமே தெரியாத அக்டோபரில் அடித்தது. நான் கோபப்படப் பார்த்தேன். உட்கார்ந்து நன்றாக முயற்சி செய்தேன். வரவில்லை, அழுகைதான் வந்தது.

அவன் உனக்கு வேண்டும் என்று நீ ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? நாய்க்கு விளையாட ஆள், எனக்கு உதவி, தட்டு ஒன்று கூட என்றெல்லாம் எழுதினாயே. அதை மட்டும் ஏன் எழுதவில்லை?

சிவப்பு பூட்ஸ் வாசலில் அப்படியே இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், உள்ளே ஒரு சிலந்தி குடியிருந்தது. இது இனி அவன் காலுக்குப் பத்தாது அக்கா. மூர்டோ சித்தப்பாவின் பேத்திக்குக் கொடுத்துவிடட்டுமா?

அவனுக்கு என் முத்தம். தரையில் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டு.

உன்,
ரோனா


டன்டீ
25 அக்டோபர் 1999

அன்புள்ள ரோனா,

எல்லாரும் சுகம். மழை.

நீ கேட்டதற்குப் பதில்: சொல்லியிருந்தால் நீ கொடுத்திருப்பாய். அதனால்தான்.

பூட்ஸை மூர்டோவிடம் கொடுக்காதே. அது ஜேடுக்குச் சரியாக இருக்கும், துடைத்து எடுத்து வா. இவனுக்கு அதே சிவப்பில் அடுத்த அளவு வாங்கு. கீழே இடிக்கிறான், போய்த் தட்டிவிட்டு வருகிறேன்.

இஷ்பெல்